காய்ந்த சட்டையின் கணக்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே சூப்பர்ஸ்டிஷன் மலைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலைகளின் சாம்பலும் குழம்பும் இறுகிப் பாறையான மலைகள். சரிவெல்லாம் முள்ளும் கள்ளியும். நடுநடுவே ஆள் உயரத்தைப்போல ஐந்தாறு மடங்கு வளர்ந்த சாகுவாரோக் கள்ளிகள். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை சனி, ஞாயிறுகளில் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவர இங்கே குழுகுழுவாக ஆட்கள் வருவார்கள். பெரால்ட்டா பாதையில் ஏறத் தொடங்கினால் மூன்றரை கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் உயர்ந்து ஃப்ரீமான்ட் கணவாய் வரும். எதிரே வீவர்ஸ் நீடில் என்ற ஒற்றைப் பாறை வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். எல்லோரும் பையை இறக்கிவைத்துப் படம் எடுக்கும் இடம் அது.

பையை இறக்கியவர்களின் சட்டையைக் கவனித்தால் ஒரு புதிர் கிடைக்கும். முதுகில் பை அழுத்தியிருந்த இடம் மட்டும் தொப்பலாக நனைந்திருக்கும். தோளும் மார்பும் கைகளும் காய்ந்திருக்கும். அக்குளை ஒட்டியும் காலர் ஓரத்திலும் வெள்ளைக் கோடுகள் வளைந்து வளைந்து போகும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். நாக்கில் வைத்தால் உப்பு. ஏப்ரல் வெயிலில் 15 கிலோ சுமையோடு இரண்டு மணி நேரம் ஏறியவரின் சட்டை ஏன் இப்படிக் காய்ந்து கிடக்கிறது? கடலோர ஊரில் இதே மனிதர் பஸ்ஸுக்குக் காத்து நின்றாலே பிழியப் பிழிய நனைந்திருப்பாரே.

வியர்க்காமல் இல்லை. அந்த ஏற்றத்தில் ஒரு லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை வியர்த்திருக்கும். வியர்வை தோலுக்கு வந்த மாத்திரத்தில் ஆவியாகிப் போய்விட்டது. காற்று புக முடியாத முதுகில் மட்டும் அது தங்கியிருக்கிறது. போகும்போது தன்னால் கொண்டுபோக முடியாத உப்பைத் துணியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே வேலையால்தான். பானையின் சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வெளிப்பக்கம் வருகிறது, அங்கே ஆவியாகிறது. நீர் ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் நீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கோடையில், காற்று வறண்டிருக்கும் உள்நாட்டுப் பகுதியில், பானைத் தண்ணீர் பல் கூசும். ஐப்பசி அடைமழையில் அதே பானை வெளியே ஈரமாகவே இருக்கும், உள்ளே தண்ணீர் குளிராது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் ஆவியாவதற்கு இடம் இல்லை.

மனிதத் தோலில் 20 முதல் 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை வெளியே கொண்டுவரும் நீர் ஆவியானால்தான் உடம்பு குளிரும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழுகிற வியர்வையால் குளிர்ச்சி ஏதும் இல்லை. அது வீணான நீர். அந்த வகையில் பாலைவனக் காற்று மனிதனுக்கு நல்லதே செய்கிறது: ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் வாங்கிக்கொள்கிறது. ஆபத்தும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. எவ்வளவு நீர் போகிறது என்று தோலுக்கும் தெரிவதில்லை, கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆவியாகும் நீர் தன்னோடு எடுத்துப்போகும் வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அதன் அளவு பெரும்பாலானவர்கள் நினைப்பதைவிட மிக அதிகம். 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 80 கிலோகலோரி போதும். அதே ஒரு லிட்டர் நீர் தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரியை எடுத்துப்போகிறது. ஏழு மடங்கு.

இனி, மலை ஏறுபவரின் பக்கம். சுமையோடு ஏறும்போது உடம்பு மணிக்கு ஏறக்குறைய 500 கிலோகலோரியைச் செலவழிக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஏற்றமாக மாறுவதில்லை. மிச்சம் 400 கிலோகலோரிக்கு மேல் தசைகளில் வெறும் வெப்பமாகத் தங்குகிறது. வெயிலும் சுடுபாறைகளும் தங்கள் பங்குக்கு இன்னும் ஒரு நூறு சேர்க்கும். 70 கிலோ எடையுள்ள உடம்பின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 58 கிலோகலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், 37 டிகிரியில் கிளம்பியவர் அரை மணிக்குள் 40 டிகிரியைத் தொட்டுவிடுவார். மூளை தடுமாறத் தொடங்கும் வெப்பநிலை அது.

காற்று 25 டிகிரியாக இருக்கும்போது வெப்பத்தை வெளியேற்றப் பல வழிகள் உண்டு. தோல் ஏறக்குறைய 35 டிகிரி சூட்டில் இருப்பதால் வெப்பம் தானாகவே காற்றுக்குப் போகும். காற்று 35 டிகிரியைத் தாண்டியதும் அந்த ஓட்டம் திசை மாறிவிடுகிறது. காற்று உடம்பைச் சூடாக்கத் தொடங்குகிறது. வீசும் காற்றும் அப்போது வெந்த காற்றுதான். மிஞ்சியிருப்பது ஒரே வழி, வியர்வை. மணிக்கு 500 கிலோகலோரியை வெளியேற்ற ஏறக்குறைய 900 மில்லி நீர் ஆவியாக வேண்டும். பாலைவனத்தில் நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்று அனுபவசாலிகள் சொல்லும் கணக்கும் இந்தக் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டு பகல், ஒரு இரவு என்று கிளம்பும் குழுவில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் குறைந்தபட்ச அளவு. அப்படியானால் கிளம்பும்போதே ஒவ்வொருவர் முதுகிலும் 8 கிலோ தண்ணீர். சமையலுக்குத் தனி. அந்த 8 கிலோவைத் தூக்குவதற்கென்றே கூடுதல் உழைப்பு, அந்த உழைப்புக்கென்று கூடுதல் வெப்பம், அதற்குக் கூடுதல் வியர்வை. இந்தச் சுற்றினால்தான் பாலைவன மலையில் நாலைந்து நாள் நடைக்கான நீரை முழுக்க முதுகில் சுமப்பது அநேகமாக முடியாத காரியமாகிறது. வாரக்கடைசி நடை என்பது வார விடுமுறையை ஒட்டி மட்டும் அமைந்த அளவு அல்ல. மனித முதுகு தாங்கும் தண்ணீரும் அந்த அளவைத்தான் அனுமதிக்கிறது. மலைக்குள் ஊற்றுகள் சில உண்டு. மழை பொய்த்த ஆண்டில் வரைபடத்தில் நீல நிறம் இருக்கும், இடத்தில் மணல் இருக்கும்.

தண்ணீர் குறைவாக இருக்கிறது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, குறைத்துக் குடிப்பது. மதியம் ஒரு மடக்கு, சாயங்காலம் ஒரு மடக்கு. சிக்கனமாக இருப்பவர் பொறுப்பானவர் என்றே நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இந்த நல்ல குணம் பாலைவனத்தில் ஆளைக் கொல்லக்கூடும் என்பதைச் சோதனையாகச் செய்து காட்டியவர் ரோச்செஸ்டர் பல்கலைக்கழக உடலியங்கியல் அறிஞர் எட்வர்டு அடால்ஃப். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகள் பாலைவனச் சண்டைக்காகக் கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு வறள்நிலத்தில் பயிற்சி எடுத்தன. அடால்ஃபும் அவருடைய குழுவினரும் அங்கே போய் வீரர்களை நடக்கவைத்தார்கள், உட்காரவைத்தார்கள், குடிக்க நீர் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் தராசில் ஏற்றி எடை பார்த்தார்கள். தராசுதான் இங்கே முக்கியமான கருவி. சில மணி நேரத்தில் குறையும் எடை, குடித்ததையும் சிறுநீரையும் கழித்துவிட்டால், அநேகமாக முழுக்க வியர்வை. காய்ந்த சட்டை மறைத்ததைத் தராசு காட்டிக்கொடுத்தது. அந்த ஆய்வுகள் 1947-ல் நூலாக வந்தன. பாலைவன மீட்புப் பயிற்சிகளில் இன்றும் அந்த எண்கள் புழங்குகின்றன.

குறைவாகக் குடித்தால் உடம்பு குறைவாக வியர்க்கும் என்று நம்பியவர்களுக்கு அவர் கண்டது அதிர்ச்சி. நீரிழப்பு கடுமையாகும்வரை வியர்வை ஏறக்குறைய அதே அளவில்தான் வருகிறது. உள்ளே எவ்வளவு வெப்பம் சேர்கிறது என்பதுதான் வியர்வையைத் தீர்மானிக்கிறது. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பதைச் சுரப்பிகள் கேட்பதில்லை. குடிக்காமல் சேமித்த லிட்டர், உடம்பிலிருந்து போக வேண்டிய லிட்டரைத் தடுக்கவில்லை. முழுப் பாட்டிலோடு மயங்கி விழுந்தவர்களைப் பாலைவன மீட்புக் குழுவினர் பார்த்திருப்பதற்குக் காரணம் இதுவே.

அவர் தந்த அட்டவணையின் ஒரு வரி இன்னும் வலுவானது. நிழலில் பகல் உச்ச வெப்பநிலை 49 டிகிரி இருக்கும் இடத்தில், நடக்காமல் நிழலில் கிடப்பவர் நீரே இல்லாவிட்டால் ஏறக்குறைய 2 நாள் பிழைப்பார். கையில் 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நீர் இருந்தால்? இரண்டரை நாள். அதே மனிதர் 32 டிகிரி உள்ள இடத்தில் நீரே இல்லாமல் 7 நாள். உயிரைக் காப்பதில் தண்ணீரைவிட வெப்பத்தின் கை பெரிது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நீர் போகப் போக உள்ளே நடப்பது என்ன? வியர்வைக்கான நீர் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. ரத்தத்தின் அளவு குறைகிறது. இருக்கும் ரத்தம் ஒரே நேரத்தில் தசைக்கும் போக வேண்டும், வெப்பத்தைச் சுமந்துகொண்டு தோலுக்கும் போக வேண்டும். இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கப் பார்க்கும். உடல் எடையில் 2 சதவீத நீர் போன நிலையிலேயே, 70 கிலோ ஆளுக்கு 1.4 லிட்டர், நடை தளரத் தொடங்கும். இந்த நீரிழப்பின் கடைசி முனை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு பழைய பதிவு உண்டு. 1905 ஆகஸ்டில் அரிசோனாவின் தென்மேற்கு மூலையில், டினாஹாஸ் ஆல்டாஸ் என்ற பாறைச் சுனைகளின் அருகே டபிள்யூ ஜே மெக்கீ என்ற அறிஞர் முகாம் போட்டிருந்தார். தங்கம் தேடிப் போன பாப்லோ வலென்சியா என்பவர், ஏறக்குறைய ஒரு நாளுக்கான நீரோடு ஏழு நாளை நெருங்கும் அளவுக்கு அந்த வெயிலில் அலைந்துவிட்டு, தவழ்ந்தபடி அந்த முகாமின் பக்கத்தில் வந்து விழுந்தார். உதடுகள் சுருங்கி மறைந்திருந்தன. தோல் கறுத்து உலர்ந்திருந்தது. முள்ளும் கல்லும் கிழித்த இடங்களில் ரத்தமே வரவில்லை. நீர் உள்ளே போன பிறகுதான் கசிந்தது. உடல் எடையில் நாலில் ஒரு பங்கு போயிருக்கும் என்று மெக்கீ மதிப்பிட்டார். வலென்சியா பிழைத்துக்கொண்டார். தாகத்தை ஒரு நோயாகவே விவரித்து அடுத்த ஆண்டு மெக்கீ வெளியிட்ட கட்டுரை இன்றுவரை படிக்கப்படுகிறது.

சரி, தாகம் எடுக்கும்போது குடித்தால் போதாதா?

வீட்டில் போதும். தாகம் மிக நுட்பமான ஏற்பாடு. ரத்தத்தில் உப்பின் செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி அதை உணர்ந்துவிடும். 1950-களின் தொடக்கத்தில் சுவீடனின் பெங்ட் ஆண்டர்சன் ஆடுகளின் ஹைப்போதலாமஸில் துளியளவு உப்புக் கரைசலைச் செலுத்தினார். தாகமே இல்லாத ஆடு வாளி வாளியாகக் குடிக்கத் தொடங்கியது. தாகம் தொண்டையில் பிறப்பதல்ல என்று அன்றைக்குத் தெளிவானது. தாகம் நிற்பதும் அப்படித்தான்: குடித்த நீர் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர நேரம் ஆகும், ஆனால் நிம்மதி ஓரிரு நிமிடத்தில் வந்துவிடுகிறது. 2016-ல் கலிஃபோர்னியாவில் ஸக்கரி நைட்டின் ஆய்வகம் எலிகளின் மூளையில் தாக நரம்பணுக்களை நேரடியாகக் கண்காணித்தது. எலி நக்கத் தொடங்கியதுமே அவை அடங்கிவிட்டன. எவ்வளவு நீர் வரப்போகிறது என்று மூளை முன்கூட்டியே மதிப்பிட்டுத் தாகத்தை நிறுத்திவிடுகிறது.

கடும் வெயிலில் மணிக்கு ஒரு லிட்டர் போகும் இடத்தில் இந்த ஏற்பாடு பின்தங்குகிறது. அடால்ஃபின் வீரர்கள் வேண்டிய மட்டும் நீர் கையில் இருந்தும், வேலை நேரத்தில் இழந்ததில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரையே குடித்தார்கள். காரணம் வியர்வையில் நீரோடு உப்பும் போகிறது. வெறும் நீரைக் குடித்ததும் ரத்தத்தின் உப்புச் செறிவு சட்டென்று பழைய நிலைக்கு வந்துவிடும். இழந்த அளவு திரும்புவதற்கு முன்பே தாகம் அடங்கிவிடும். அதே வீரர்கள் சாப்பாட்டு நேரத்தில் மிச்சத்தைக் குடித்து ஈடுகட்டினார்கள். உணவில் இருந்த உப்பு தாகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது. கணவாயில் பத்து நிமிஷம் உட்கார்ந்து உப்புக் கடலையோ சீஸோ தின்பது பசிக்காக மட்டும் அல்ல என்பது இதனால்தான்.

இங்கே எதிர்ப்பக்கத்து ஆபத்து ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீர் குடியுங்கள் என்ற அறிவுரையை அளவுக்கு மீறி நிறைவேற்றியவர்களும் இறந்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது மாறும். நாள் முழுக்க வியர்த்து, வெறும் நீரை மட்டும் வயிறு முட்டக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். செறிவு அதிகமுள்ள பக்கத்துக்கு நீர் தானாக ஊடுருவும். இதற்கு ஊடுபரவல் என்று பெயர். அப்படி நீர் மூளையின் செல்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கவைக்கிறது. மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது? கிராண்ட் கேன்யனில் நடைபயணிகளிடம் இந்தச் சோடியக் குறைவைக் கண்ட மருத்துவர்கள் 1993-ல் அதைப் பற்றி எழுதினார்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் மாரத்தானில் ஓடி ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று இதன் அறிகுறிகள் நீரிழப்பின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். நல்ல எண்ணத்தில் கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள். வயிறு குலுங்கக் குடித்திருக்கிறார், தாகம் இல்லை, அடிக்கடி வெளிர்நிறச் சிறுநீர் போகிறார் என்றால் அவருக்கு வேண்டியது நீர் அல்ல, உப்பும் ஓய்வும். மேலும், குடலும் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் உறிஞ்சும். அதற்கு மேல் வியர்த்தால் நடந்துகொண்டே ஈடுகட்டுவது நடக்காத காரியம்.

ஆக, நீரைச் சேமிக்க ஒரே வழி வியர்வையைச் சேமிப்பது. வியர்வையைச் சேமிக்க, உடம்பில் சேரும் வெப்பத்தைக் குறைக்க வேண்டும். இந்தக் கோணத்தில் பார்த்தால் பாலைவனத்துக்காரர்களின் பழக்கங்கள் பலவும் அர்த்தம் பெறுகின்றன. வெயிலில் சட்டையைக் கழற்றிப் போட்டால் குளுமையாகத்தான் தோன்றும். ஆனால் ஆடை அணிந்தவரைவிட வெற்றுடம்புக்காரர் அதிக நீரை இழப்பதை அடால்ஃபின் தராசு காட்டியது. வெயில் நேராகத் தோலில் விழுவதுதான் காரணம். முழுக்கை, தளர்வான துணி, அகல விளிம்புத் தொப்பி. நிறம் பற்றி நெடுநாள் வாக்குவாதம் இருந்தது. சினாய் பகுதியின் பெதூயின் நாடோடிகள் கறுப்பு அங்கி போடுகிறார்களே, அது எப்படி? அமிராம் ஷ்கோல்னிக்கும் மூன்று சக ஆய்வாளர்களும் ஒரு தன்னார்வலரை நெகேவ் பாலைவனத்தின் உச்சி வெயிலில் நிற்கவைத்து, கறுப்பு அங்கி, வெள்ளை அங்கி, ராணுவச் சீருடை, அரைக்கால் சட்டை என்று மாற்றி மாற்றி அளந்தார்கள். 1980-ல் வந்த முடிவு: கறுப்புத் துணி கூடுதலாகச் சூடேறியது உண்மை, ஆனால் அந்த வெப்பம் தோலுக்கு வருவதற்குள் அங்கிக்கும் உடம்புக்கும் இடையே ஓடும் காற்றோடு போய்விட்டது. இரு அங்கிகளுக்குள்ளும் உடம்பு ஏற்ற வெப்பம் ஒன்றுதான். துணி தளர்வாக இருந்தால் நிறம் பெரிதில்லை. இறுக்கமான கறுப்பு டி-ஷர்ட்டுக்கு இது பொருந்தாது.

நேரம் இன்னும் முக்கியம். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை ஏற்றத்தில் இருக்க வேண்டாம் என்று கிராண்ட் கேன்யன் பூங்காக் காவலர்கள் சலிக்காமல் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நிழலில் உட்காரும்போதும் வெறுந்தரையில் உட்காரக் கூடாது. தரை காற்றைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். பையையோ மெத்தையையோ போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் வித்தியாசம் உடனே தெரியும். கூடவே, கோடையில் போகாமலிருப்பது என்ற முடிவும் உண்டு. 2010 ஜூலையில், சூப்பர்ஸ்டிஷன் மலைகளில் புதைந்திருப்பதாகச் சொல்லப்படும் தங்கச் சுரங்கத்தைத் தேடிப் போன மூன்று பேர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் அவர்களின் எச்சங்கள் கிடைத்தன.

ராத்திரி நேர்மாறு. பகலில் வறுத்த அதே இடம், விடியற்காலையில் 15, 20 டிகிரி இறங்கியிருக்கும். நீராவி வெப்பக் கதிர்களைப் பிடித்துவைக்கும் என்று ஜான் டிண்டல் 1859-ல் தொடங்கிய சோதனைகளில் காட்டினார்; நீராவி குறைந்த பாலைவன வானத்தில் நிலத்தின் சூடு தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மணல் படிந்த ஓடைப்படுகை சமதளமாக, மெத்தென்று இருப்பதால் கூடாரம் போடத் தோன்றும். அங்கேதான் குளிர் அதிகம், அங்கேதான் வெள்ளமும் வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று வடக்கு அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி. படுகையிலிருந்து சற்று மேலேறிய மேட்டில் படுப்பது இரண்டுக்கும் விடை.

இதுவரை பேசியது தனி உடம்பைப் பற்றி. குழுவாகப் போகும்போது வேறொரு சிக்கல் சேர்கிறது. ஒரே வேகத்தில் நடக்கும் ஆறு பேருக்குள் ஆறு விதமான வெப்பம் சேர்கிறது. பருத்த உடம்பில் எடைக்கு ஏற்ற தோல் பரப்பு குறைவு. வெப்பத்தை வெளியேற்ற அவருக்கு இடம் போதாது. பழக்கம் இல்லாதவருக்கு அதே ஏற்றம் தன் திறனின் எல்லைக்கு அருகில் இருக்கும். குளிர் ஊரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் வந்திறங்கியவரின் உடம்பு வெயிலுக்கு இன்னும் இணங்கியிருக்காது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களின் வெக்கையில் தொழிலாளிகளைப் பழக்கப்படுத்தியபோதே இந்த வெப்ப இணக்கம் விரிவாக ஆராயப்பட்டது. ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வெப்பத்தில் உழைத்தால் ரத்தத்தின் நீரளவு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். வாரக்கடைசியில் அதற்கு நேரம் இல்லை.

பாதையில் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. முன்னால் போகிறவர்கள் நிழல் கண்டதும் உட்கார்ந்து, குடித்து, கதை பேசி, கடைசி ஆளுக்காகக் காத்திருப்பார்கள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்புவார்கள். ஓய்வு தேவையில்லாதவர்களுக்குக் கால் மணி ஓய்வு, தேவையானவருக்கு ஒன்றுமில்லை. நாள் முழுக்க இப்படியே போனால், தசையில் சேர்ந்த வெப்பத்தைக் கொட்ட வாய்ப்பே கிடைக்காதவர் அவர் ஒருவர்தான். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுவதும், கடைசி ஆள் உட்கார்ந்த பிறகு கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவதும் மரியாதைக்காக மட்டும் செய்வதல்ல. வெப்பக் கணக்கு கேட்பது அது.

வெப்பத்தில் முதலில் கெடுவது அறிவு என்பதால், கெட்டவருக்கே அது தெரியாது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் பதில் வரும். காரை விட்டதிலிருந்து எத்தனை பாட்டில் குடித்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள் என்று யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்வியாகக் கேட்க வேண்டும். பதில் குழறினால், நடை தள்ளாடினால், காரணமில்லாமல் எரிச்சல்பட்டால் அது ஹீட் ஸ்ட்ரோக் என்ற வெப்பத்தாக்காக இருக்கலாம். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத்தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் வெப்பத்தாக்கில் ஆள் வியர்த்துக்கொண்டே விழக்கூடும்.

அந்த நிலையில் குழுவிடம் இருக்கும் சிறந்த மருந்து பாட்டில்களில் இருக்கும் தண்ணீர்தான், ஆனால் குடிக்க அல்ல. நினைவு தவறியவர் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். சட்டையின்மேல் ஊற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீர் முழுக்கத் தோலிலிருந்து ஆவியானால் எடுத்துப்போகும் 580 கிலோகலோரி, 70 கிலோ உடம்பை 10 டிகிரி குளிர்விக்கப் போதுமானது. அதில் பாதி காற்றின் வெப்பத்தாலும் தரையில் சிந்தியும் வீணானால்கூட 42-லிருந்து 39-க்கு இறக்க மிச்சம் போதும். ஒரே மூச்சில் கொட்டாமல், நனைத்து, விசிறி, காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும். இருவர் கூடாரத் துணியை நிழலாகப் பிடிக்க, இருவர் தொப்பியாலும் மெத்தையாலும் விசிற, ஒருவர் செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்க, இதெல்லாம் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். ஓடை நீர் பக்கத்தில் இருந்தால் கழுத்துவரை அதில் அமர்த்துவது இன்னும் வேகம். தூக்கிக்கொண்டு ஓடுவது பிறகு. உடம்பு 40 டிகிரிக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்கும் கல்லீரலுக்கும் சேதம் கூடிக்கொண்டே போகும் என்பதால், முதல் அரை மணிக்குள் குளிர்விக்கப்பட்டவர்கள் அநேகமாகப் பிழைத்துக்கொள்கிறார்கள். மாரத்தான் ஓட்டங்களில் பனிக்கட்டி நீர்த்தொட்டிகளை வைத்திருக்கும் மருத்துவக் குழுக்கள், முதலில் குளிர்விப்பு, பிறகுதான் ஆம்புலன்ஸ் என்ற அதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன.